கட்டையக்கா

எங்கள் காம்பவுண்டில் யார் சைக்கிளை நிறுத்தினாலும், சற்றுப் பொறுத்து வந்து பார்த்தால் பின் சக்கரத்தை ஒட்டி ஓர் அரைச் செங்கல் இருக்கும். ஸ்டாண்டு போட்ட சைக்கிளுக்குச் செங்கல் எதற்கு என்று என் மனைவி முதலில் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செங்கலைக் காலால் தள்ளிவிட்டு வண்டியை எடுப்பேன். சாயங்காலம் வந்து நிறுத்தி, கை கால் கழுவி, முருகன் படத்துக்கு விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வருவதற்குள் செங்கல் பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

வைப்பது கட்டையக்கா. பக்கத்து வீடு. அவருக்குப் பெற்றவர்கள் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டவர் அவருடைய வீட்டுக்காரர். அவர் போனதும் அந்தப் பெயருக்கும் வேலையில்லாமல் போயிற்று. வேலை செய்த இடத்தில் கட்டையக்கா, தெருவில் கட்டையக்கா, ரேஷன் கடை வரிசையிலும் கட்டையக்கா. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் ஒரு புகையிலைக் கிடங்கில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் எடை போடுகிறவன். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து புகையிலைச் சிப்பங்கள் டிராக்டர் டிரெய்லரில் வரும். கிட்டங்கியின் கேட்டு மேட்டில் இருந்தது. உள்ளே வர வர இறக்கம். இறக்கத்தின் பாதியில் என் தராசு. அடியில் ஓடு போட்ட நீளமான கொட்டகை. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இலையில் காம்பு கிழிப்பார்கள். இரண்டு பக்கமும் கிட்டங்கிச் சுவர் நெருக்கி நின்றதால் டிராக்டர் உள்ளே வந்தால் திரும்ப இடம் கிடையாது. அது கேட்டோடு டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போய்விடும். மூட்டை ஆட்கள் தோள் கொடுத்து, அந்தப் பாரத்தை இறக்கத்தில் பிடித்துப் பிடித்துக் கீழே கொண்டுவருவார்கள்.

பாதியில் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கொடுத்தால் அந்த ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல். எட்டு ஆம்பளை நிற்கும்போது கட்டை எதற்கு என்பார் மேஸ்திரி. அப்படி ஒரு நாள் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒருவன் தும்மியிருக்கிறான். புகையிலை நெடியில் ஒருவன் தும்மினால் பக்கத்தில் நிற்பவனும் தும்முவான். தும்முகிற தோளில் பிடி நிற்காது. வண்டி இறங்கிவிட்டது. முன்னால், டிராக்டரில் மாட்டுகிற ஏர்க்காலைப் பிடித்திருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். கொட்டகைச் சுவர்வரைக்கும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

இது நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் நடந்தது. அந்தச் சுவரில் பிறகு பூசிய காரை மட்டும் நிறம் மாறித் தெரியும். அக்காவுக்குக் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரே மகள். அவள் பெரியவளானதும் அவளுக்கும் அதே கொட்டகையில்தான் வேலை கிடைத்தது. வேறு எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் முதுகைச் சாய்த்து உட்காரும் இடத்துக்கும் அந்தக் காரைப் பூச்சுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அவள் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து அக்கா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். கருவேல மரத்தில் முக்கோணமாகச் சீவி இரண்டு கட்டைகள் செய்துகொண்டார். டிரெய்லர் இறக்கத்தில் எங்கே நின்றாலும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து சக்கரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போவார். மூட்டை ஆட்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். வண்டி கிளம்பும்போது வந்து எடுத்துக்கொள்வார். அதில் வந்ததுதான் அந்தப் பெயர்.

மூக்குச் சக்கரம் வந்தது அறுபதுகளின் நடுவில். முதலாளி எங்கோ பார்த்துவிட்டு வந்து கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த சாமான் அது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சக்கரம். அதன் தலைமேல் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், சங்கிலி, நீளமான ஒரு கைப்பிடி. இதை ஏர்க்காலின் நுனிக்கு அடியில் கொடுத்துத் திருகைச் சுற்றினால் ஏர்க்கால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எஞ்சினை உதைத்துக் கிளப்பிக் கைப்பிடியைப் பிடித்து நடந்தால், அத்தனை பாரமும் கன்றுக்குட்டி மாதிரி கூடவே வரும். பின்பக்கம் போவதற்குத் தனிக் கியர் கிடையாது. கைப்பிடியை அரை வட்டம் சுற்றிச் சக்கரத்தையே அந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட வேண்டும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி வண்டிக்கு மூக்கில் ஒரு சக்கரம் என்று மூட்டை ஆட்கள்தான் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே ஒழிய யாரும் அதைத் தொடவில்லை. தொட்டால் தோளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதில் தப்பும் இல்லை.

பட்டறைக்காரர் வந்து ஓட்டிக் காட்டினார். இதற்குப் பலம் வேண்டாம், பொம்பளைகூட ஓட்டலாம் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டார். மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பப் பொம்பளையே ஓட்டட்டும். ஏத்தா கட்டை, வாரியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தையும் தரையையும் பார்த்தார்.

“நல்லா ஓடுமுங்க” என்றார் பட்டறைக்காரர்.

“ஓடுறது கெடக்கட்டும் தம்பி. நிறுத்துனா நிக்குமா?”

“கியர்ல கெடந்தா நிக்குமுங்க. கியரை எடுத்துட்டா உருளுமுங்க. எதுக்கும் கட்டை வெச்சுக்கோணும்.”

அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மேஸ்திரியை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். கட்டை வேண்டும் என்ற சொல்லை இத்தனை வருஷம் கழித்து ஓர் ஆண் பிள்ளை வாயால் கேட்டதில் அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. மறுநாள் அவர்தான் அதை ஓட்டினார்.

அவர் ஓட்டுவதைப் பார்த்தால் ஓட்டுகிறார் என்றே சொல்ல முடியாது. வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, இடது இடுப்பில் ஒரு கட்டையைப் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு நடப்பார். இன்னொரு கட்டை வண்டியின் பக்கப் பலகைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பின்னால் ஒரு பாரம் வருகிறது என்ற நினைப்பு நடையில் தெரியும். ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்வை எப்போதும் கீழே, கொட்டகையில், மகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில். வண்டி கீழே கிட்டங்கி வாசலில் நின்று இரண்டு கட்டையும் விழுந்த பிறகு ஒரு பெருமூச்சு விடுவார். ஒவ்வொரு வண்டிக்கும் அந்தப் பெருமூச்சு உண்டு. நாள் முழுவதும் தராசுப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கேட்டு எனக்கே அசதியாக இருக்கும்.

நிறுத்தினால் நிற்குமா என்று அவர் எதைத்தான் கேட்கவில்லை? எங்கள் மூத்த பிள்ளைக்குத் தூளி கட்டினபோது என் மனைவி பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் அக்கா வந்து தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அந்தச் சேலையில் தொங்கினார். உத்தரம் முனகியது. என் மனைவிக்குக் கோபமான கோபம். பிள்ளைத் தூளியில் விதவை கை வைத்துவிட்டாளே என்று என்னிடம் வந்து அழுதாள். நான் திருநீறு எடுத்துத் தூளியில் பூசிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அதே உத்தரத்தில் செல் அரித்த இடத்தை அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார் என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உத்தரம் நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பழனியில் விஞ்ச் ஓடத் தொடங்கிய புதிதில் காம்பவுண்டே கிளம்பிப் போனோம். எல்லோரும் அதில் ஏறும் ஆசையில் வரிசையில் நிற்க, அக்கா அந்தக் கம்பி வடத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, நடுவில் நின்றால் நிற்குமா என்று அங்கே நின்ற ஆளிடம் கேட்டார். நிற்கும் என்று அவர் எவ்வளவோ சொன்னார். அக்கா கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு நடந்து ஏறுவதாக நேர்த்திக்கடன் இருந்ததால் நானும் கூடப் போனேன்.

பாதி மலையில் உட்கார்ந்தோம். கீழே வயல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“முருகன் இருக்கானேக்கா. அப்புறம் எதுக்கு இம்புட்டுப் பயம்?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கான் தம்பி. இல்லாமயா ஏறிக்கிட்டு இருக்கேன்? அன்னிக்கும் இருந்தான். கட்டைதான் இல்ல.”

மீதிப் படியையும் ஏறினோம். சந்நிதியில் அவர் கும்பிட்டதைப் பார்த்தேன். கண்ணை மூடாமல் கும்பிட்டார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததிலும் இதே கதைதான். அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து விற்கிற பையன். நல்ல குடும்பம். தரகர் வந்து எல்லாம் சொல்லி முடித்தார். நகை எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடத்தில் அக்கா, ஒரு இடத்தில் நிற்கிற பையனா என்று கேட்டார். தரகருக்குச் சுருக்கென்றது. நிற்பதற்கு அவன் என்ன மரமா, ஆட்டு யாவாரம் என்றால் நாலு சந்தைக்குப் போகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவன் லாரி கிளீனர். அதைக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெண் வாயாடி. என் மனைவியிடம் வந்து உட்கார்ந்து சொல்வாள்: “எங்கம்மா என் காலுக்கும் ஒரு கட்டை வச்சுருச்சு அத்தை. இனி நான் எங்கிட்டும் உருள மாட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் கொட்டகையில் மற்றப் பெண்கள், ஒங்கம்மா ரயிலுக்கும் கட்டை வைக்கும்டி என்று கேலி செய்யும்போது அவள் சிரிப்பதில்லை. வீட்டுக்கு வந்து தாயிடம் சண்டை பிடிப்பாள். வேலைக்குப் போகிற இடத்தில் மானத்தை வாங்காதே என்பாள். அக்கா சோற்றைப் போட்டு, தட்டு ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்.

இனி அந்த ஆயுத பூசையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிட்டங்கியில் ஆயுத பூசை தராசுக்கு முன்னால்தான் நடக்கும். வெறும் வண்டிக்குப் பூசை போடக் கூடாது என்று சிப்பம் ஏற்றிய டிரெய்லர் ஒன்றை இறக்கத்தின் பாதியில் கொண்டுவந்து நிறுத்தி மாலை போடுவார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரத்தில் ஓர் அடி உருட்டிப் பழத்தை நசுக்கி நிறுத்துவார்கள். பெண்கள் கொட்டகை முன்னால் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாலி இழந்தவர்கள் பூசை முன்னால் நிற்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். அக்காவும் வருஷா வருஷம் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். பொரிகடலையை மகள் முந்தானையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் மூக்குச் சக்கரத்துக்கும் முதல் பூசை. காலையில் அக்காதான் அதைக் கழுவித் துடைத்து, டிரெய்லரை ஏற்றி நடத்திக் கொண்டுவந்து தராசுக்கு எதிரே நிறுத்தினார். கியரில் போட்டு எஞ்சினை அணைத்து, இரண்டு பெரிய சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தார். முந்தின நாள் பெய்த மழையில் தரை வழுக்கிற்று.

பூசாரி தட்டோடு வந்தார். சக்கரத்துக்கு முன்னால் கட்டை கிடந்தால் பழத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கலாமே என்றார் அக்கா. பூசை போடுகிற வண்டிக்கு எதிரே தடை கிடக்கக் கூடாது, எடு என்றார் பூசாரி. மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து வண்டியைச் சுற்றி நின்றார். கையால் தள்ளினால் வண்டி நகர வேண்டுமே என்று மூக்குச் சக்கரத்தின் கியரையும் எடுத்துவிட்டார்.

“எடுத்தா. நாங்க புடிச்சுக்குறோம். எட்டுத் தோளு நிக்கிது.”

“அன்னிக்கும் எட்டுத் தோளு நின்னுச்சுண்ணே” என்றார் அக்கா.

மேஸ்திரி முகம் கறுத்துப்போயிற்று. அவரே குனிந்து இரண்டு கட்டையையும் உருவி அக்கா கையில் கொடுத்தார்.

“இந்தா, ஒம் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய போ. நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காத.”

அக்கா கட்டைகளை வாங்கிக்கொண்டார். ஆனால் கேட்டுப் பக்கம் மேலே போகவில்லை. சுவரோரமாகக் கீழே இறங்கிப் போனார். கொட்டகைக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒரு மடிப்பு உண்டு. பூசாரி கண்ணில் படாமல் அதில் ஒண்டிக்கொண்டார். தராசுப் பக்கம் நின்ற எனக்கு அவர் சேலை நுனி தெரிந்தது.

மணி அடித்தது. பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். தட்டு யார் பக்கம் வருகிறதோ அவருடைய கை தானாகச் சேர்ந்துவிடும். யாரும் சொல்லித் தந்து வருவதில்லை இது. பால் குடிக்கிற பிள்ளையே கற்பூரத்தைக் கண்டால் கையைச் சேர்க்கும். தோள் கொடுத்து நின்ற எட்டுப் பேரும் தட்டு தங்கள் பக்கம் வந்தபோது நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்கள் கண்ணையும் மூடினார்கள். மற்றவன் பிடித்திருக்கிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கூட இருக்க மாட்டார்கள். சாமிக்கு முன்னால் நிற்கும்போது மனசு வண்டியிலா இருக்கும்?

பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. புகையிலை நெடிக்கு நடுவில் எலுமிச்சை வாசம் வந்தது. ஆள் தள்ளாமல் வண்டி அசைவதைக் கண்டதும் கீழே பெண்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாமியே வண்டியை நகர்த்துகிறது என்று குலவை போட்டார்கள். முன் வரிசையில் அக்காவின் மகள். அவள் குலவைக்கு ஊரில் பேர் உண்டு. அக்கா கத்தியதை நான் வாயசைவில்தான் பார்த்தேன். அத்தனை குலவையில் அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. நானும் கூப்பிய கையோடுதான் நின்றேன். அந்தக் கிட்டங்கியில் அந்த நிமிஷத்தில் கும்பிடாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மடிப்பிலிருந்து அவர் ஓடிவந்தார். வண்டி வேகம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கட்டையை எறியவில்லை. எறிந்தால் சகதியில் துள்ளிப் போய்விடும். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் தரையோடு தரையாகக் கையால் செருகினார். சக்கரம் கட்டையின்மேல் பாதி ஏறி நின்றது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி மூக்குச் சக்கரம் கிட்டங்கிச் சுவரில் போய் மோதியது. மேலே இருந்த சிப்பங்கள் சரிந்து விழுந்தன. குலவை ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. கடைசியாக ஓய்ந்தது மகளின் குரல்.

அக்காவின் வலது கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

எல்லோரும் ஓடினோம். மேஸ்திரி வண்டியை மேலே தள்ளச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார். அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்:

“செத்த இருங்க. இன்னொரு கட்டை செவத்தோரம் கெடக்கு. அத அந்தச் சக்கரத்துக்கு வைங்க. வச்சுட்டு என் கைய எடுங்க.”

மகள்தான் ஓடிப்போய் எடுத்துவந்தாள். மற்றச் சக்கரத்துக்கு அவளே கொடுத்தாள். சரியாக விழுந்ததா என்று அக்கா படுத்தபடி எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையை எடுக்க விட்டார்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

இதற்கப்புறம் நடந்ததை எழுதவே கை ஓடவில்லை. பூசை நேரத்தில் தாலியில்லாதவள் குறுக்கே வந்ததால்தான் வண்டி உருண்டது என்று பூசாரி சொன்னார். உருண்ட பிறகுதானே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதை நம்பியவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், தினம் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நான் பார்த்ததை மானேஜரிடம் போய்ச் சொன்னேன். எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேஸ்திரி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அக்கா குறுக்கே வந்தார் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மூக்குச் சக்கரத்தைப் பழுது பார்த்து மேஸ்திரியின் மச்சினனிடம் கொடுத்தார்கள்.

அக்கா காயம் ஆறும்வரை வீட்டில் இருந்தார். மகள் சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பார். கை வலிக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டுவிடுவார், அவன் கட்டை வைக்கிறானா என்று. வைக்கிறான் என்று நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது சில நாள். முருகன் மன்னிப்பான்.

அப்புறம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மச்சினன் இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்த ஒரு நாள், அக்காவின் மகள் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். என்னத்தா என்றான். நிறுத்தினால் நிற்குமா மாமா என்று கேட்டாள். அவன் கட்டையைக் கொடுக்கும்வரை நகரவில்லை. முதல் இரண்டு நாள் மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்க்க ஆரம்பித்தார்கள். கட்டை விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கொட்டகையில் இலை கிழிபடும் சத்தம் கேட்கும். மானேஜர் சத்தம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா திரும்பி வேலைக்கு வந்தார். இடது கையால் கூட்டினார். மூக்குச் சக்கரம் பக்கத்தில் வரும்போது சுவரோரம் ஒதுங்கி நின்று, அது போவதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடை தளர்ந்துவிட்டது. சாயங்காலம் காம்பவுண்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார். ஆனால் என் சைக்கிளுக்குச் செங்கல் மட்டும் தவறவில்லை.

மறு வருஷம் ஆயுத பூசை வந்தது. அதே இடம், அதே தராசு, மாலை போட்ட டிரெய்லர். அக்கா காலையிலேயே கேட்டுக்கு வெளியே போய் ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வந்தபோது சக்கரத்துக்கு முன்னால் கட்டைகள் கிடந்தன. அந்த இரண்டு வேலங்கட்டைகள்தான். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார். கொட்டகைப் பெண்களில் ஒருத்திகூட உட்காரவில்லை. அக்காவின் மகள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், வண்டிக்கு வைத்த மாதிரியே ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பொட்டு வைத்த பொருளை எடு என்று எந்தப் பூசாரி சொல்ல முடியும்? சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் பழத்தை வைத்தார். கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டோம். அந்த இடைவெளி அளவுக்கு உருட்டினார்கள். பழம் நசுங்கிற்று. வண்டி கட்டையில் முட்டி நின்றது.

மகள் குலவை போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு காகிதத்தில் பொரிகடலையை அள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். அக்கா மைல்கல்லிலேயே இருந்தார். குலவைச் சத்தம் வந்த பக்கம் அவர் முகம் திரும்பியிருக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“அக்கா, கட்டைக்கும் பொட்டு வச்சாச்சு. ஒங்க மகதான் வச்சா. பூசாரி வாயத் தெறக்கல” என்றேன்.

அவர் இடது கையால் பொரியை வாங்கினார். வாயில் போடவில்லை.

“பொட்டு வச்சது இருக்கட்டும் தம்பி. பூசை முடியிறவரைக்கும் எடுக்கலையே?”

“எடுக்கலக்கா.”

“கற்பூரம் காட்டும்போதும்?”

“அப்பவும் எடுக்கல. இப்பவும் அங்கதான் கெடக்கு.”

ஒரு பெருமூச்சு வந்தது. வண்டி கிட்டங்கி வாசலில் நின்றதும் விடுவாரே, அதே பெருமூச்சு. பொரிப் பொட்டலத்தை மைல்கல்மேல் வைத்தார். காற்றில் போய்விடாதபடி அதன்மேல் ஒரு சிறு கல்லை வைத்தார். பிறகு எழுந்து, கேட்டுப் பக்கம் திரும்பி, முந்தானைக்குள் இருந்த கையையும் வெளியே எடுத்து, இருந்த விரல்களைச் சேர்த்துக் கும்பிட்டார். அன்றைக்குத்தான் அவர் கண்ணை மூடிக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.